சென்னையில் முதல் கோடையா? ஊரைவிட்டு ஓடாமல் கழிக்க ஒரு வழிகாட்டி

சென்னைக்கு வேலைக்கு வந்த முதல் ஏப்ரலில் நான் ஓர் ஏர் கூலர் வாங்கினேன். கரூர்ப் பக்கத்து ஆள் நான். எங்கள் ஊரில் கூலரில் தண்ணீர் ஊற்றிச் சுவிட்சைப் போட்டால் அரை மணியில் அறை குளிர்ந்துவிடும். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் அதையே செய்தபோது தலையணை ஈரமானது, தீப்பெட்டி நமுத்தது, நான் இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்திருப்பவனைப் போல வெந்துகொண்டிருந்தேன். பக்கத்து அறைப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "தம்பி, இது கடலோர ஊர். இங்கே காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. நீங்கள் வேறு ஊற்றுகிறீர்களே" என்றார். அடுத்த வாரமே அந்தக் கூலரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

அந்த ஆண்டு மே மாதம் எல்லோரையும் போல ஊட்டிக்கும் போனேன். மலைப்பாதையில் கார்களுக்குப் பின்னால் கார்களாக நின்றதுதான் நினைவிருக்கிறது. இப்போது அதற்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் ஊட்டிக்கு நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வாரக் கடைசியில் 8,000 என்று எண்ணிக்கை வேறு வைத்தார்கள். ரயிலில் போகலாம் என்றால் 60 நாள் முன்னதாக முன்பதிவு திறக்கும் அன்று காலையே கணினி முன் காத்திருக்க வேண்டும். போகிறவர்கள் போகட்டும். கையில் விடுப்பு இல்லாதவர்களுக்கும், பணத்தை வேறு காரியத்துக்கு வைத்திருப்பவர்களுக்கும், இந்த ஊருக்குப் புதிதாக வந்து 'இங்கே மே மாதத்தை எப்படித் தாண்டுவது' என்று மிரண்டிருப்பவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னைக் கோடையில் எங்கே போவது என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை மணிக்குப் போவது என்பதே முதல் கேள்வி. இதே மெரினா காலை 6 மணிக்குச் சொர்க்கம், பகல் 1 மணிக்கு அடுப்பு, மாலை 7 மணிக்குத் திருவிழா. நேரத்தைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

முதல் படி: காற்றைப் படியுங்கள்

பகலில் தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைமேல் உள்ள காற்று சூடேறி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். இதுதான் கடற்காற்று. ஏப்ரலில் பெரும்பாலான நாள்களில் நண்பகலையொட்டி வந்துவிடும். அது வந்த கணம் உங்களுக்கே தெரியும்: அசையாமல் தொங்கிக்கொண்டிருந்த திரைச்சீலை கிழக்கிலிருந்து உள்நோக்கி ஒருமுறை உப்பும்.

சிக்கல் மே மாதத்தில் வரும். அப்போது மேற்கிலிருந்து, அதாவது உள்நாட்டின் காய்ந்த நிலத்தைத் தாண்டி, சூடான தரைக்காற்று பலமாக வீசத் தொடங்கும். அது கடற்காற்றை உள்ளே விடாமல் கரையிலேயே தடுத்து நிறுத்தும். கடற்காற்று பிற்பகல் 3 மணிக்கு வந்தாலும் வரும், சில நாள் வராமலே போகும். வராத நாளில்தான் 40 டிகிரியைத் தாண்டும். 2003 மே 31 அன்று இந்த ஊரில் 45 டிகிரி பதிவானது. பஞ்சாங்கம் கத்திரி வெயில் என்று மே 4 முதல் 28 வரை குறித்திருப்பதால், 29ஆம் தேதி விடிந்ததும் வெயில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடும் என்று புதியவர்கள் நம்புகிறார்கள். போகாது. ஜூன் முதல் இரண்டு வாரம் பல ஆண்டுகளில் மே மாதத்தைவிட மோசமாக இருந்திருக்கிறது.

ஆகவே காலை 11 மணிக்குக் கைப்பேசியில் வெப்பநிலையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காற்றின் திசையைப் பாருங்கள். தென்கிழக்கு என்றால் மாலைக்கு நம்பித் திட்டம் போடலாம். மேற்கு என்றால் நாலரை மணிவரை வெளியே தலை காட்ட வேண்டாம். வெப்பநிலைச் செய்தியில் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு எண்கள் வருவதையும் கவனியுங்கள். மீனம்பாக்கம் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் அங்கே பெரும்பாலும் ஓரிரு டிகிரி கூடுதலாக இருக்கும். அம்பத்தூரிலோ தாம்பரத்திலோ குடியிருப்பவர்களுக்குக் கடற்காற்று தாமதமாகத்தான் வந்து சேரும், களைத்துப்போய் வேறு வரும். அவர்கள் மீனம்பாக்கம் எண்ணையே தங்கள் எண்ணாக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: வீட்டைச் சரிசெய்யுங்கள்

ஊரைச் சுற்றுவதற்கு முன்னால் திரும்பி வர ஓர் இடம் வேண்டுமே. காலை 9 மணிக்குள் மேற்கு, தெற்கு ஜன்னல்களை மூடித் திரையை இழுத்துவிடுங்கள். கடற்காற்று வந்ததும் கிழக்கு ஜன்னலையும் எதிர்ப்பக்கத்து ஜன்னல் ஒன்றையும் திறவுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மேல்மாடிக் குடித்தனம் என்றால் பொழுது சாய்ந்த பிறகு மொட்டைமாடியில் நாலு வாளி தண்ணீர் தெளியுங்கள். வெயில் இருக்கும்போதே தெளித்தால் வீண்.

மண்பானை வாங்குங்கள், ஆனால் ஊரில் குளிர்ந்த அளவுக்கு இங்கே குளிரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாவதால்தான் உள்ளே குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும். என் கூலர் தோற்றதும் இதே காரணத்தால்தான். புதுப்பானையை ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவைத்து, மணல் பரப்பிய தட்டின்மேல், காற்று வரும் ஜன்னலோரம் வையுங்கள். உள்ளே சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஒரு பிடி வெட்டிவேரைக் கழுவித் துணியில் முடிந்து உள்ளே போட்டால் தண்ணீர் குடிக்கவே ஓர் ஆசை வரும்.

இன்னொன்றையும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். மாடித் தொட்டித் தண்ணீர் பகல் 2 மணிக்குக் குழாயில் கொதிநீராகத்தான் வரும். பிற்பகலில் குளிக்க வேண்டுமானால் காலை 6 மணிக்கே இரண்டு வாளி பிடித்துக் குளியலறை நிழலில் வைத்துவிடுங்கள். வீடு பார்க்கும்போதே தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா, குடிநீர் வாரியக் குழாயிலிருந்தா, மே மாதத்தில் லாரிக்குப் பணம் கட்ட வேண்டியிருக்குமா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

ஏசி இருக்கிறதா? 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் சேர்த்து ஓட விடுங்கள். இதற்குமேல் ஏசியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மூன்றாம் படி: ஐந்தேகாலுக்கு எழுந்திருங்கள்

கசப்பான படி இதுதான். ஆனால் இதைச் செய்யாதவர்களுக்குச் சென்னைக் கோடையில் பாதி கிடையாது. மே மாதத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் கடலுக்கு மேலே வந்துவிடும். எட்டரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். இடையில் இருக்கும் மூன்று மணி நேரம்தான் உங்கள் மலைவாசஸ்தலம்.

முதல் வாரம் மெரினாவுக்குப் போங்கள். கலங்கரை விளக்கத்தருகே இறங்கித் தெற்கே நொச்சிக்குப்பம் பக்கமாக நடந்தால் மீன் வாங்கவும் ஆயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விட்ட காலம் அது. அதனால் வஞ்சிரம் போன்ற பெரிய மீன்களின் விலை ஏறிக் கிடக்கும். கரையோரத்தில் ஃபைபர் படகில் போகிறவர்கள் கொண்டுவரும் சின்ன மீன்களைக் கேட்டு வாங்குங்கள். நெத்திலியும் சங்கராவும் வஞ்சிரத்துக்கு ஒன்றும் இளைத்தவை அல்ல. இதை நான் சொன்னால் வீட்டில் ஒப்புக்கொள்வதில்லை, அது வேறு விஷயம்.

இரண்டாம் வாரம் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம். சபை 1882இல் வாங்கிய இடம். அங்குள்ள பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் புயற்காற்றில் விழுந்துவிட்டது. விழுதுகள் மட்டும் தூண்களாக நின்று மரத்தைத் தாங்குகின்றன. தாய் போன பிறகும் குடும்பம் கலையாமல் நிற்பது போலிருக்கும். பார்வையாளர்களை அனுமதிக்கும் நேரம் குறைவு. எனவே கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கும் போகப் பிடிக்காத காலையில் உங்கள் தெருவிலேயே நடக்கலாம். இந்த ஊர் மரங்கள் பூப்பது வெயில் கொல்லும் மாதத்தில்தான். சரக்கொன்றை மஞ்சளாகச் சரம் தொங்கும். இயல்வாகை இரவெல்லாம் உதிர்த்த பூவில் நடைபாதை மஞ்சள் பாய் விரித்ததுபோல் கிடக்கும், பெருக்குகிறவர் வரும்வரை. குல்மோகர் செக்கச்செவேலென்று நிற்கும். அண்ணா நகரிலும் பெசன்ட் நகரிலும் இந்த மரங்கள் அடர்த்தியாக இருக்கும் தெருக்கள் நிறைய.

திரும்பும் வழியில் பனைமரத்துச் சரக்கைத் தேடுங்கள். பதநீர் விடிகாலையில்தான் நன்றாக இருக்கும். பத்து மணிக்கு ஒருவர் பதநீர் என்று சொல்லி ஊற்றினால் கேள்வி கேளுங்கள். நுங்கு பகலிலும் கிடைக்கும். நுங்கு வெட்டுகிறவர் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கறுத்த காயைக் காலருகே நிறுத்தி, அரிவாளால் மேல்மூடியை ஒரே வீச்சில் சீவுவார். உள்ளே மூன்று கண்கள் விழித்துப் பார்க்கும். நெம்பி எடுத்த சுளையைக் கையில் வாங்கி விரலால் மெதுவாக அமுக்குங்கள். நீர் ததும்பி விரலுக்கு வளைந்துகொடுத்தால் இளசு. கல்லாக நின்றால் முற்றல், தைரியமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவர் கோபிக்க மாட்டார், உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று அடுத்ததைப் பார்த்து எடுப்பார். பழுப்புத் தோலை உரித்துத் தூக்கிப் போடாமல் வேர்க்குருவின்மேல் தேயுங்கள். எரிச்சல் அடங்கும் என்பது எங்கள் வீட்டு வைத்தியம். வேர்க்குரு போகிறதோ இல்லையோ, அந்தக் குளுமை நிச்சயம்.

நான்காம் படி: பதினொன்றிலிருந்து நாலுவரை ஒளிந்துகொள்ளுங்கள்

வெட்கப்பட வேண்டாம், இந்த நேரத்தில் வெளியே சுற்றுவதில் வீரம் ஒன்றுமில்லை. ஒளிந்துகொள்ள நல்ல இடம் வேண்டும், அவ்வளவுதான். வணிக வளாகங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் படையெடுப்பார்கள். நான் போகும் இடங்களைச் சொல்கிறேன்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. முதல்முறை போகிறவர்கள் எல்லாக் கட்டடங்களையும் ஒரே நாளில் சுற்றி முடித்துவிடப் பார்ப்பார்கள். கால் வலியும் அரை மறதியும்தான் மிஞ்சும். நேராகச் செப்புத் திருமேனிகள் கூடத்துக்குப் போய், திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர் முன்னால் கால்மணி நேரம் நில்லுங்கள். ஆண் பாதிக்கு இரண்டு கைகள், பெண் பாதிக்கு ஒன்று. தலையிலிருந்து பாதம்வரை நடுவே ஒரு கோடு இழுத்ததுபோல இரு பாதிகளும் வேறுவேறு, ஆனால் எந்த இடத்தில் அவர் அவளாகிறார் என்று கண்ணால் பிடிக்க முடியாது. இடுப்பின் பக்கம் பார்த்துக்கொண்டே முகத்துக்கு வாருங்கள், நான் சொல்வது புரியும். அமராவதிச் சிற்பங்களை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே வளாகத்தில்தான் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும் இருக்கிறது.

கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பரில் திறந்தது. ஒன்பது தளங்கள், குளிர்சாதன வசதி, நுழைவுக் கட்டணம் கிடையாது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கத் தனிப்பகுதி இருக்கிறது. ஆனால் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். பதினொன்றரைக்குப் போய் இடமில்லை என்று குறைபட்டுப் பயனில்லை. குழந்தைகளுக்கென்று தனிப்பகுதி உண்டு. கோடைக்கால முகாம் என்ற பெயரில் பெரும் பணம் கட்டுவதற்கு முன் பிள்ளையை ஒருமுறை இங்கே அழைத்து வந்து பாருங்கள். பக்கத்திலேயே பிர்லா கோளரங்கமும் இருக்கிறது.

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயம் 1680இல் கட்டியது. பீரங்கிக் குண்டைத் தாங்க வேண்டும் என்று வளைகூரையாகவும் கனத்த சுவராகவும் எழுப்பினார்கள். குண்டு தாங்குகிற சுவர் வெயிலையும் தாங்குகிறது. பகல் ஒன்றரைக்கு அங்கே உள்ளே நுழைந்தபோது, மின்விசிறிக்குக் கீழே நிற்காமலே முதுகில் சட்டை உலரத் தொடங்கியது இன்னும் நினைவிருக்கிறது. கோட்டை வாசலில் சோதனை இருக்கும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை.

ஓடுகிற ஒளிவிடமும் ஒன்று உண்டு. 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு தடத்தில் குளிர்சாதன மின்சார ரயில் ஓடுகிறது. சாதாரண டிக்கெட் அதில் செல்லாது, ஏசி டிக்கெட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நண்பகல் வண்டியில் ஏறிச் செங்கல்பட்டுவரை போனால், கடைசியில் கொளவாய் ஏரி பளபளவென்று ஜன்னலில் விரியும். இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம். இதற்கு எந்த நோக்கமும் கிடையாது, ஓய்வு நாளில் அதுதானே வேண்டும். நகரப் பேருந்தில் போகிற பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் டிக்கெட் இலவசம் என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வண்டலூர் உயிரியல் பூங்காவையும் முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவையும் இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. நல்ல இடங்கள்தான், ஆனால் வெட்டவெளியில் நடக்க வேண்டும். போவதானால் திறந்ததும் முதல் ஆளாக நுழைந்து பதினொன்றுக்குள் வெளியே வந்துவிடுங்கள். இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

ஐந்தாம் படி: மாலையைச் சிந்தாமல் செலவிடுங்கள்

ஐந்தரைக்கு மேல் ஊர் மொத்தமும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும். சனி, ஞாயிறு மெரினாவில் மணல் தெரியாது, தலைகள்தான் தெரியும். முடிந்தால் செவ்வாய், புதனில் போங்கள். பெசன்ட் நகர்க் கடற்கரையில் வெள்ளையாக ஒரு சின்ன மண்டபம் நிற்கும். கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட கார்ல் ஷ்மிட் என்ற மாலுமியின் நினைவுச் சின்னம் அது. அதைப் பார்த்த பிறகும் இந்தக் கடலில் நீந்த ஆசைப்படாதீர்கள். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு பலமானது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீந்தித்தான் ஆக வேண்டும் என்றால் மெரினாவிலேயே மாநகராட்சி நீச்சல்குளம் இருக்கிறது, கட்டணம் மணிக்கணக்கில்.

ஏப்ரலில் இங்கே இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் இந்தக் கரைக்கு வந்து முட்டையிடும். தன்னார்வ மாணவர்களும் வனத்துறையும் அவற்றை எடுத்துக் கரையோரப் பொரிப்பகத்தில் புதைத்துக் காப்பார்கள். ஏறக்குறைய ஐம்பது நாளில் பொரித்த குஞ்சுகளைப் பொழுது சாயும் நேரத்தில் கடலில் விடுவார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்க்கலாம். ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், கயிற்றைத் தாண்டாதீர்கள். உள்ளங்கையில் பாதி இருக்கும் ஒரு குஞ்சு, அலை அடித்துப் பின்னால் தள்ள, திரும்ப எழுந்து அதே அலையை நோக்கி நடப்பதைப் பார்த்தால் அன்றைக்கு அலுவலகத்தில் நடந்தது எதுவும் பெரிதாகத் தோன்றாது.

மயிலாப்பூர் மாடவீதிகளுக்கு மாலை ஆறரைக்குப் போங்கள். மல்லிகை அதிகம் பூப்பதும் கோடையில்தான் என்பதால் முகூர்த்த நாள் தவிர மற்ற நாளில் விலை கட்டுப்படியாகும். பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழா, சித்திரையில் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் பிரம்மோற்சவம் என்று கோடை முழுக்கத் தெருவில் சாமி வரும். விழா நாளில் நீர்மோரும் பானகமும் பந்தலில் கேட்காமலே கையில் கொடுப்பார்கள். மறுக்க வேண்டாம்.

சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் எங்கும் போகாமல் வீட்டில் இருங்கள். சித்திரான்னம் கிளறி மொட்டைமாடிக்கு எடுத்துப்போய் அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்களையும் கூப்பிட்டு நிலாச்சோறு சாப்பிடுங்கள். பெயர்கூடத் தெரியாமல் எட்டு மாதம் படிக்கட்டில் தாண்டிப் போனவர்களோடு எனக்கு அப்படித்தான் பழக்கமானது. எதிர்வீட்டு அம்மாதான் பிறகு எனக்கு வடகம் போடக் கற்றுக்கொடுத்தவர்.

ஆறாம் படி: மாம்பழத்துக்கு ஒரு நாட்குறிப்பு வையுங்கள்

மாம்பழம் என்று பொதுவாகக் கேட்டு வாங்குகிறவரைப் பழக்கடைக்காரர் புதியவர் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார். பங்கனப்பள்ளியும் செந்தூராவும் ஏப்ரலில் தொடங்கும். இமாம் பசந்த் மே மாதத்தில் கொஞ்ச நாள் வந்துவிட்டு மறையும். விலை கூடுதல், ஆனால் ஆண்டுக்கு இரண்டு பழமாவது சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. மல்கோவா சற்றுப் பிந்தும். எல்லாம் ஓய்ந்த பிறகு ஜூன், ஜூலையில் நீலம் வரும்.

கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பதற்குத் தடை இருக்கிறது, இருந்தும் அங்கங்கே நடக்கிறது. காம்பருகே மோந்து பாருங்கள். தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்தும் வாசனையே இல்லை என்றால் வைத்துவிடுங்கள். கோயம்பேடு சந்தையில் முற்றிய காயாக வாங்கி வைக்கோலிலோ செய்தித்தாளிலோ சுற்றி அரிசிப் பானையருகே வைத்தால் நாலைந்து நாளில் வீடே மணக்கும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும், பகலில் நீர்மோர். தர்பூசணியை முழுதாக வாங்குங்கள், வெட்டி வைத்த துண்டு வேண்டாம். சாலையோரத்து ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று அந்த ஐஸுக்கே தெரியாது. மயிலாப்பூரில் காளத்தி கடையில் ரோஸ்மில்க் குடிக்காமல் சென்னைக் கோடை கணக்கில் சேராது என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

கூடவே ஓர் எச்சரிக்கை. வெயிலில் இருந்தவருக்கு வியர்வை நின்று உடல் கொதித்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ அது களைப்பு அல்ல. நிழலுக்குக் கொண்டுபோய் உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஏழாம் படி: வெயிலை வேலை வாங்குங்கள்

இவ்வளவு வெயிலைச் சும்மா விடலாமா? வடகம் போடுங்கள். தனியாக இருப்பவர்களுக்குச் சவ்வரிசி வடகம்தான் எளிது. ஒரு டம்ளர் சவ்வரிசியை இரவே ஊறவையுங்கள். காலை ஐந்து மணிக்கு ஐந்தாறு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதில் போட்டு, உருண்டைகளின் நடுவிலிருக்கும் வெள்ளைப் புள்ளி மறைந்து கண்ணாடியாகும்வரை கிளறுங்கள். அரைத்த பச்சை மிளகாய், சீரகம், உப்பு. கூழை நாக்கில் வைத்துப் பார்க்கும்போது உப்புச் சற்றுக் குறைவாகத் தெரிந்தால்தான் சரி. காய்ந்து சுருங்கும்போது உப்பு ஏறிவிடும். முதல் ஆண்டு நான் போட்டதை அப்பளம் என்று சொல்லாமல் உப்பளம் என்றே சொல்லியிருக்கலாம். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள்.

ஏழு மணிக்குள் மாடிக்குப் போய்விட வேண்டும், பிறகு தரையில் கால் வைக்க முடியாது. பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, கரண்டியால் சின்னச் சின்ன வட்டமாக ஊற்றுங்கள். காக்கைக்குக் கறுப்புக் குடையை விரித்துப் பக்கத்தில் வைப்பார்கள். எங்கள் வீட்டுக் காக்கைகள் அந்தக் குடை நிழலிலேயே உட்கார்ந்து வடகம் தின்றன. ஆகவே காவலுக்கு ஒரு சிறுவனை அமர்த்துங்கள். கூலியாகப் பாதி காய்ந்த வடகம் கொடுக்க வேண்டும். மேலே முறுகி உள்ளே கொழகொழவென்று இருக்கும் அந்தப் பதத்தில்தான் அது மிக ருசி, அதனால் காவல்காரனே பாதியைத் தின்றுவிடும் அபாயமும் உண்டு. மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்புறம் தண்ணீர் தெளித்தால் வடகம் ஒட்டாமல் உரிந்து வரும். மறுநாள் தட்டில் பரப்பி மறுபக்கம் காயவிடுங்கள். ஒடித்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும். இரண்டு மூன்று நாள் ஆகும்.

ஜூன் பிறந்துவிட்டால் மட்டும் வானத்தின்மேல் ஒரு கண் இருக்கட்டும். பகலெல்லாம் மேற்குக் காற்று வறுத்தெடுத்துவிட்டு, மாலை ஐந்து மணிக்குமேல் பூந்தமல்லிப் பக்கம் திடீரென்று கறுத்துக்கொண்டு இடிமழை வரும் நாள்கள் அப்போது தொடங்கும். முதல் இடி கேட்டதும் மாடிக்கு ஓடுங்கள். வடகத்தை முதலில் எடுங்கள், துணி நனைந்தால் நாளைக்குக் காய்ந்துகொள்ளும்.